எம்பிபிஎஸ் படிக்கும்போதே ஆய்வு: இரண்டு மாதத்தில் எதை உருப்படியாக முடிக்கலாம்?

(இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

தாமிரபரணி

எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எஸ்டிஎஸ் திட்டத்துக்கு, அதாவது மாணவர்களுக்கான இரண்டு மாத ஆய்வு உதவித்தொகைக்கு, விண்ணப்பிக்க நினைக்கிறேன். சமூக மருத்துவத் துறைப் பேராசிரியை ஒருவர் கைடாக இருக்கச் சம்மதித்திருக்கிறார். யோசித்து வைத்திருக்கும் தலைப்பு: "உயர் ரத்த அழுத்த நோயாளிகளின் அறிவு, மனப்பான்மை, நடைமுறை, மாத்திரை ஒழுங்கு, வாழ்க்கைத் தரம்". மாத்திரையைத் தவறாமல் எடுக்கிறார்களா என்று அளக்கும் மோரிஸ்கி 8 கேள்விப் படிவத்தைப் பயன்படுத்தலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள்.

என் சந்தேகங்கள்: எத்தனை பேரை எடுக்க வேண்டும்? எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வரும் முன் பத்துப் பேரிடம் மட்டும் கேட்டுப் பார்க்கலாமா? முடித்த பிறகு எங்கே வெளியிடுவது? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

களப்பணி

முதலில் தலைப்பு. நீங்கள் எழுதியிருப்பது ஐந்து ஆய்வுகள். இரண்டு மாதத்தில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். "அறிவு, மனப்பான்மை, நடைமுறை" என்று தொடங்கும் புரொபோசல்கள் எல்லாக் கல்லூரியிலிருந்தும் குவிகின்றன. மதிப்பிடுபவர் அந்த மூன்று சொல்லைப் பார்த்ததுமே இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றுதான் தேடுவார். மாத்திரை ஒழுங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல கேள்வி. நம் ஊர் என்சிடி (தொற்றா நோய்) கிளினிக்கில் பதில் கிடைக்கக்கூடிய கேள்வியும்கூட.

மோரிஸ்கி 8 வேண்டாம். அது உரிமம் வாங்கிப் பயன்படுத்த வேண்டிய படிவம். அனுமதி இல்லாமல் வெளியிட்டுவிட்டு, பிறகு கட்டணம் கேட்டு நோட்டீஸ் வந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தூக்கத்துக்கான பிட்ஸ்பர்க் படிவம், மறதிக்கான எம்எம்எஸ்இ ஆகியவற்றுக்கும் காப்புரிமை உண்டு. மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 கட்டணமில்லாமல் கிடைக்கிறது. எந்தப் படிவமானாலும் புரொபோசல் எழுதும் முன்பே உரிமையாளரின் விதியைப் படியுங்கள்.

மாத்திரை ஒழுங்கை அளக்கக் கேள்வியே கேட்காமல் ஒரு வழி இருக்கிறது. அரசு என்சிடி கிளினிக்கில் மாத்திரை வாங்கிய தேதி நோயாளியின் கையேட்டில் பதிவாகியிருக்கும். கடந்த 180 நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் 30 நாள் மாத்திரை, 5 முறை வாங்கியிருக்கிறார் என்றால் 150 நாளுக்குக் கையில் மாத்திரை இருந்திருக்கிறது. 150-ஐ 180-ஆல் வகுத்தால் 83 சதவீதம். 4 முறை மட்டும் வந்திருந்தால் 67. வழக்கமாக 80-ஐ எல்லையாக வைப்பார்கள். முதல் ஆள் எல்லைக்கு மேல், இரண்டாம் ஆள் கீழ்.

இந்த அளவுக்கும் குறை உண்டு. வாங்கியவர் விழுங்கினார் என்று அர்த்தம் இல்லை. இடையில் வெளிக் கடையில் வாங்கியிருந்தால் கையேட்டில் வராது. அதற்கு ஒரு கேள்வி தனியாக வையுங்கள். முன்கூட்டியே வந்து வாங்கியவரின் மிச்ச மாத்திரையை அடுத்த மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை மூன்றையும் முறையியல் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். "நீங்கள் மாத்திரை சாப்பிட மறப்பீர்களா?" என்று வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால், பாதிப் பேர் உங்கள் மனம் நோகாத பதிலைத்தான் சொல்வார்கள். தேதிக்கு அந்தச் சங்கடம் இல்லை.

எண்கணக்கு

சாம்பிள் சைஸ் பற்றி. முந்தைய ஆய்வுகளைப் பார்த்து, ஒழுங்காக எடுப்போர் 60 சதவீதம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம்: 1.96-இன் வர்க்கம் × ப × (100−ப), அதை துல்லியத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இங்கே ப என்பது அந்த 60; 1.96 என்பது 95 சதவீத நம்பகத்துக்கான எண்; துல்லியம் என்பது விடை இருபுறமும் எத்தனை புள்ளி விலகலாம் என்பது.

துல்லியம் 5 என்றால் 369 பேர். 8 என்றால் 145 பேர். 12 என்றால் 65 பேர்.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். "60-இல் 20 சதவீதத் துல்லியம்" என்று எழுதினால் அது 12 புள்ளி. 65 பேரோடு வேலை முடிந்துவிடும். ஆனால் முடிவு "48 முதல் 72 வரை எங்கோ" என்றுதான் வரும். அதை வைத்து ஒரு சுகாதார அலுவலர் என்ன செய்வார்? 8 புள்ளி என்றால் 52 முதல் 68 வரை. மாணவர் ஆய்வுக்கு அது நியாயமான சமரசம்.

மறுப்பவர்களுக்காக 10 சதவீதம் ஒதுக்குங்கள். 145-ஐ 1.1-ஆல் பெருக்கக் கூடாது, 0.9-ஆல் வகுக்க வேண்டும். 162 பேர்.

இனி நேரக் கணக்கு. தகவல் சொல்லி ஒப்புதல் வாங்குவது, கேள்விகள், இரண்டு முறை பிபி, கையேட்டிலிருந்து தேதிகள் எடுப்பது என்று ஒருவருக்கு 25 முதல் 30 நிமிடம் ஆகும். 9 மணி முதல் 12 மணி வரை ஓபியில் உட்கார்ந்தால் 6 பேர். 162 பேருக்கு 27 ஓபி நாட்கள். உங்கள் கிளினிக் வாரத்தில் எத்தனை நாள், உங்கள் வகுப்பு எப்போது, இன்டர்னல் தேர்வு எப்போது என்று நாட்காட்டியை வைத்து இன்றே எண்ணிப் பாருங்கள். கணக்கு இடிக்கிறது என்றால் இப்போதே துல்லியத்தை மாற்றலாம். பாதியில் ஆள் கிடைக்கவில்லை என்று நிறுத்தினால் அறிக்கையில் அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த 145 ஒரு விகிதத்தை மதிப்பிட மட்டும். "ஆண்களில் 60, பெண்களில் 45, இந்த வித்தியாசம் உண்மையா?" என்று கேட்டால் கணக்கே வேறு. 80 சதவீதப் பவருக்கு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) ஒரு பிரிவுக்குச் சுமார் 170, மொத்தம் 340 பேர் வேண்டும். ஒப்பீடு உங்கள் முதன்மை நோக்கமா இல்லையா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

ஒப்புதல் படிவம்

"பத்துப் பேரிடம் மட்டும் கேட்டுப் பார்க்கலாமா?" கூடாது. பைலட்டும் (முன்னோட்டச் சோதனையும்) ஆய்வுதான். ஒப்புதல் கடிதத்தின் தேதிக்கு முன் ஒரு நோயாளியிடம்கூடத் தகவல் வாங்கக் கூடாது. பின்தேதியிட்டு ஒப்புதல் தர எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை. கேள்விகள் புரிகிறதா என்று சோதிக்க உடன் படிப்பவரையோ வீட்டுப் பெரியவரையோ வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லலாம். அந்தப் பதில்களை எழுதி வைக்காதீர்கள்.

ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி மறுஆய்வு மூன்று வகை: விலக்கு, விரைவு, முழுக் கமிட்டி. பெயர் நீக்கிய பழைய பதிவுகளை மட்டும் பார்ப்பது பெரும்பாலும் முதல் இரண்டில் வரும். எந்த வகை என்று கமிட்டிதான் சொல்லும். மாணவரோ கைடோ தாங்களே "இதற்கு ஒப்புதல் வேண்டாம்" என்று முடிவு செய்ய முடியாது. முழுக் கமிட்டி அடிக்கடி கூடாது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று செயலர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, எஸ்டிஎஸ் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.

மாணவர் கோப்புகள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தமிழ்த் தகவல் தாளே காரணம். ஆங்கிலத்தை வரிக்கு வரி மாற்றி இப்படி எழுதிவிடுகிறார்கள்: "இவ்வாய்வில் பங்கேற்பதன் வாயிலாகத் தங்களுக்கு யாதொரு இடர்ப்பாடும் விளையாது என உறுதியளிக்கப்படுகிறது." ஓபி வரிசையில் நிற்கும் அறுபது வயதுப் பாட்டிக்கு இது எட்டாது. இப்படி எழுதலாம்: "உங்களிடம் 20 நிமிடம் கேள்வி கேட்போம். இரண்டு தடவை பிபி பார்ப்போம். ஊசி, ரத்தப் பரிசோதனை கிடையாது. உங்கள் மாத்திரைக் கையேட்டில் உள்ள தேதிகளைக் குறித்துக்கொள்வோம். வேண்டாம் என்று சொன்னாலும் உங்களுக்குக் கிடைக்கிற மாத்திரை, வைத்தியம் எதுவும் நிற்காது. நடுவில் போதும் என்றாலும் எழுந்து போகலாம்."

கடைசி இரண்டு வாக்கியம் இல்லாத தாளை எந்தக் கமிட்டியும் ஏற்காது. மருந்து வாங்கும் இடத்திலேயே ஆய்வு நடப்பதால், மறுத்தால் மாத்திரை தரமாட்டார்களோ என்ற பயம் நோயாளிக்கு இயல்பு. அதனால் மாத்திரை வாங்கி முடித்த பிறகு பேசுவது நல்லது.

எழுதப் படிக்கத் தெரியாதவரென்றால் வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். உங்கள் வகுப்பு நண்பர் அந்தச் சாட்சி ஆக முடியாது. கூட வந்த உறவினர் ஆகலாம்.

குழந்தைகளை வைத்து ஆய்வு செய்ய நினைக்கும் மற்றவர்களுக்கு: பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயதுக்கு வாய்வழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம்.

தாமிரபரணி

நன்றி. தலைப்பைச் சுருக்கிவிடுகிறேன். கூகுள் ஃபார்மில் தகவல் சேகரிக்கலாமா? பிபி எடுப்பதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா? பிசியாலஜி பிராக்டிகலில் எடுத்துப் பழக்கம் உண்டு.

களப்பணி

பிராக்டிகலில் எடுப்பது வேறு, ஆய்வுக்கு எடுப்பது வேறு. நோயாளி 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்வு, கால்கள் தரையில், கால்மேல் கால் கூடாது, கை இதயத்தின் மட்டத்தில். முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி, சிகரெட் இல்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கட்டும் கஃப் பட்டையின் உள்ளே இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். பருமனான கைக்குச் சிறிய கஃப் கட்டினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓபியில் ஒரே கஃபை எல்லோருக்கும் கட்டுவதால் இந்தப் பிழை சர்வ சாதாரணம். ஒரு டேப் வைத்துச் சுற்றளவை அளந்து, பெரிய கஃபும் ஒன்று கைவசம் வையுங்கள். 1 முதல் 2 நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. இரண்டையும் எழுதுங்கள், சராசரியைக் கணினி போடட்டும்.

ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு எடுத்தால் கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். அளவுகோல் 2 மிமீ இடைவெளியில் இருக்கிறது. 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். 100 அளவில் 70 அளவு 0-வில் முடிந்தால் எடுத்தவர் பல அளவுகளைப் பக்கத்துப் பத்துக்கு முழுமையாக்கியிருக்கிறார் என்று அர்த்தம். 140 என்ற எல்லையில் இது முடிவையே புரட்டிப்போடும்: 138 என்பவரும் 142 என்பவரும் ஒரே 140 ஆகிவிடுவார்கள். முதல் 20 பேர் முடிந்ததும் கடைசி இலக்கங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். சரிபார்க்கப்பட்ட டிஜிட்டல் கருவி இருந்தால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் கருவியின் மாடல் எண்ணை அறிக்கையில் எழுதுங்கள்.

கூகுள் ஃபார்ம் வேண்டாம் என்பது என் கருத்து. எபிகலெக்ட்5, கோபோ டூல்பாக்ஸ் என்ற தகவல் சேகரிப்புச் செயலிகள் இரண்டும் இலவசம், நெட் இல்லாத இடத்திலும் போனில் பதிவாகும். 35 வயது என்பதற்கு 350 என்று அடித்தால் அங்கேயே தடுக்கும்படி எல்லை வைக்கலாம். பெயரும் ஓபி எண்ணும் அதில் வரக் கூடாது. அவை தனி நோட்டில், வரிசை எண்ணோடு, கைடின் அலமாரியில் பூட்டி இருக்கட்டும். நோயாளியின் கையேட்டைப் போனில் படமெடுத்து நண்பர் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அது ரகசியக் காப்பை மீறுவது.

நுண்ணோக்கி

எல்லோரும் படிவம், ஓபி, சர்வே என்றே பேசுகிறீர்கள். மாணவர் ஆய்வு என்றால் இவ்வளவுதானா? மருத்துவ வரலாற்றைப் பாருங்கள். பால் லாங்கர்ஹான்ஸ் 1868-இல் பெர்லினில் மாணவராக இருக்கும்போதே தோலைத் தங்கக் குளோரைடில் சாயமேற்றி, கிளைவிட்ட செல்களைக் கண்டார். அடுத்த ஆண்டே கணையத் திட்டுகளைத் தன் பட்ட ஆய்வேட்டில் விவரித்தார். ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் ஸ்வீடனின் உப்சாலாவில் மாணவர். 1877-இல் ஒரு நாயின் கழுத்தில் பாராதைராய்டு சுரப்பியைப் பார்த்து, பிறகு 50 மனித உடல்களில் தேடி உறுதி செய்து 1880-இல் வெளியிட்டார். மார்ட்டின் ஃபிளாக் லண்டனில் மாணவராக இருந்தபோது, 1906 கோடையில் உடற்கூறியலாளர் ஆர்தர் கீத்தின் கென்ட் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து அகழெலி இதயத்தைச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தவர். இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணுவை முதலில் கண்டது அவர் கண்தான். 1907-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். ஜே மெக்லீன் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இரண்டாம் ஆண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் கதை அவரிடம்தான் தொடங்குகிறது.

இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஆய்வகக் கதவையும் திறந்துவிடுங்கள் என்கிறேன்.

எண்கணக்கு

நீங்கள் சொன்னவர்களில் சிலரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மெக்லீனிடம் அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹோவெல் கொடுத்த வேலை மிகச் சிறியது. மூளையிலிருந்து எடுக்கும் செஃபாலின்தான் ரத்தத்தை உறைய வைக்கிறதா, அல்லது அதில் கலந்திருக்கும் வேறு அழுக்கா என்று சோதிப்பது. அவர் இதயத்திலிருந்தும் ஈரலிலிருந்தும் அதே வகைச் சாற்றை எடுத்தார். பழைய குப்பிகளை எறியாமல் மறுபடி மறுபடி சோதித்தார். ஈரல் சாறு நாளாக ஆக உறைய வைக்கும் சக்தியை இழந்து, கடைசியில் உறைதலைத் தடுக்கவே தொடங்கியது. எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். அதைக் குறித்து வைத்து, பூனை ரத்தத்தில் கலந்து ஹோவெலுக்குக் காட்டி, 1916 கட்டுரையில் எழுதினார். கட்டுரையின் தலைப்பு என்னவோ செஃபாலினைப் பற்றித்தான்.

1918-இல் ஹோவெலும் ஹோல்ட்டும் ஹெப்பாரின் என்று பெயர் வைத்தார்கள். மெக்லீன் கண்ட பொருள் கொழுப்பு வகை. இன்று ஊசியில் ஏற்றும் ஹெப்பாரின் சர்க்கரைச் சங்கிலி. கண்டுபிடிப்பு யாருடையது என்ற சர்ச்சை பல பத்தாண்டு நீண்டது. மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கேள்வி சிறியதாக இருந்தது, எதிர்மறை முடிவும் தேதியோடு நோட்டில் ஏறியது.

சாண்ட்ஸ்ட்ரோமும் அப்படியே. அவர் ஸ்வீடிஷ் மொழியில், உள்ளூர் மருத்துவச் சங்க இதழில் எழுதினார். வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1891-இல் பிரான்ஸில் க்ளே அந்தச் சுரப்பிகளின் முக்கியத்தைக் காட்டிய பிறகுதான் வெளிச்சம் விழுந்தது. லாங்கர்ஹான்ஸும் தான் கண்ட திட்டுகள் என்ன வேலை செய்கின்றன என்று தெரியாது என்றே எழுதினார். தெரியாததைத் தெரியாது என்று எழுதியதால் அந்த ஆய்வேடு சிறுமைப்படவில்லை. 1893-இல் லாகெஸ் அவர் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார்.

நுண்ணோக்கி

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆய்வக வேலையை இரண்டு மாதத்தில் செய்யவே முடியாது என்று பலர் நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கைச் சொல்கிறேன்.

ரத்தத்தில் ஒரு பொருளின் அளவைக் காணும் எலைசா கிட் ஒன்றில் 96 குழிகள் கொண்ட ஒரு தட்டு. 7 ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த மாதிரி), 1 பிளாங்க் (அந்தப் பொருள் இல்லாதது), எல்லாவற்றையும் இரட்டையாகப் போட்டால் 16 குழி போய்விடும். மிச்சம் 80. மாதிரிகளையும் இரட்டையாகப் போட்டால் 40 பேர். "96 குழி, 96 நோயாளி" என்று புரொபோசலில் எழுதுபவர்கள் கிட் வந்த பிறகு திண்டாடுகிறார்கள். 20 நோயாளி, 20 ஒப்பீட்டு நபர் என்று திட்டமிட்டால் ஒரே கிட், ஒரே நாள், ஒரே கை.

கெடுவது எங்கே? ரத்தம் எடுக்கும்போது சிவந்துபோன சீரம். அதைத் தூக்கிப் போட வேண்டும். உறைய வைத்து உருக்கி மறுபடி உறைய வைப்பது. எடுத்த அன்றே சிறு குப்பிகளில் பிரித்து வைத்தால் ஒரு குப்பியை ஒரு முறை மட்டும் உருக்கலாம். சேமிப்பு −20 போதுமா −80 வேண்டுமா என்பது பொருளைப் பொறுத்தது, கிட் கையேட்டில் இருக்கும். நோயாளிகளை ஒரு தட்டிலும் ஒப்பீட்டு நபர்களை இன்னொரு தட்டிலும் போட்டால், தட்டுகளின் வித்தியாசம் நோயின் வித்தியாசம்போலத் தெரியும். கலந்து போடுங்கள்.

செலவைத் துறை ஏற்குமா என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். எஸ்டிஎஸ் உதவித்தொகை மாணவருக்கானது, 50,000 ரூபாய், அதுவும் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் வரும். அதை நம்பிக் கிட் ஆர்டர் செய்யக் கூடாது.

செலவே இல்லாத ஆய்வக வேலையும் உண்டு. மைக்ரோபயாலஜித் துறையில் ஓராண்டு சிறுநீர் கல்ச்சர் பதிவேடு, எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கவில்லை என்ற கேள்வி. ஒரே நோயாளியின் இரண்டாம், மூன்றாம் கல்ச்சரை நீக்கி முதல் ஒன்றை மட்டும் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வார்டில் கிடப்பவரின் கிருமி எதிர்ப்புச் சதவீதத்தை ஏற்றிவிடும்.

வடமராட்சி

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. இங்கே மருத்துவ பீடங்களில் மாணவர் ஆய்வுச் செயற்றிட்டம் சமூக மருத்துவப் பாடத்தோடு சேர்ந்தே வருவதுண்டு. குழுவாகச் செய்வதும் உண்டு. குழுவாகச் செய்யும்போது தரவு சேகரிப்பவர் ஐந்து பேர் என்றால் கேள்வி கேட்கும் விதமும் ஐந்தாகும். ஆகவே நேர்காணல் வழிகாட்டி ஒன்றை எழுதி, எல்லோரும் ஒருவரையொருவர் பேட்டி கண்டு பழகிய பிறகே களத்துக்குப் போக வேணும். சேகரித்தவர் யார் என்ற குறியீட்டையும் படிவத்தில் சேருங்கோ. பின்னர் ஒருவருடைய எண்கள் மட்டும் விலகி நின்றால் கண்டுபிடிக்கலாம்.

எஸ்டிஎஸ்-இல் குழு கிடையாது என்று கேள்விப்பட்டேன், சரிதானே?

ஒப்புதல் படிவம்

சரிதான். 1979-இல் தொடங்கிய நாளிலிருந்து அது தனி மாணவருக்கான திட்டம். ஒரு கைடுக்கு ஒரு ஆண்டில் ஒரு மாணவர்தான். உங்கள் மேடம் வேறு யாருக்கும் சம்மதம் சொல்லியிருக்கிறாரா என்று இன்றே கேட்டுவிடுங்கள், தாமிரபரணி. புரொபோசலிலும் அறிக்கையிலும் உங்கள் பெயர், கைடு பெயர், கல்லூரிப் பெயர் எங்கும் வரக் கூடாது. படிவத்தின் பின்னிணைப்பில், கல்லூரி முத்திரையில், கோப்பின் பெயரில்கூட எட்டிப் பார்க்கும், தேடி நீக்குங்கள். தகுதி, கடைசித் தேதி, சொல் வரம்பு ஆகியவற்றுக்கு அந்தந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் நம்புங்கள். சீனியர் அனுப்பும் பழைய பிடிஎஃப் வேண்டாம்.

எண்கணக்கு

பகுப்பாய்வு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எக்செலில் ஒரு வரி ஒரு நோயாளி, ஒரு பத்தி ஒரு தகவல். "140/90" என்று ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள், இரண்டு பத்தி. தகவல் இல்லை என்றால் காலியாக விடுங்கள். 99 என்று போட்டால் வயது சராசரியில் 99 வயதுக்காரர்கள் முளைப்பார்கள். தேதியை 03/04 என்று அடித்தால் கணினியின் அமைப்பைப் பொறுத்து மார்ச்சா ஏப்ரலா என்று மாறிவிடும். மாத்திரை வாங்கிய தேதிதான் உங்கள் ஆய்வின் உயிர்; நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். ஒவ்வொரு பத்தியும் என்ன, குறியீடு 1 என்றால் ஆணா பெண்ணா என்று ஒரு விளக்கத் தாள் அதே கோப்பில் இருக்கட்டும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள்.

மென்பொருளுக்குத் திருட்டு எஸ்பிஎஸ்எஸ் தேட வேண்டாம். ஜமோவி, எபி இன்ஃபோ, ஆர் எல்லாம் இலவசம்.

அடுத்தது, பி மதிப்பு வேட்டை. பி மதிப்பு 0.05-க்குக் கீழ் வந்தால் அது தற்செயல் அல்ல என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 20 காரணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால், எதிலும் உண்மைத் தொடர்பு இல்லாவிட்டாலும் குறைந்தது ஒன்றாவது 0.05-க்குக் கீழ் வரும் வாய்ப்பு 64 சதவீதம். அந்த ஒன்றைப் பிடித்து முடிவுரை எழுதுவது தவறு. எந்த நான்கைந்து காரணியைப் பார்க்கப் போகிறீர்கள் என்று புரொபோசலிலேயே எழுதுங்கள். பல காரணிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனிலும் காரணிகளுக்கு வரம்பு உண்டு. 145 பேரில் ஒழுங்காக எடுக்காதவர் 40 சதவீதம் என்றால் 58 பேர். ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வு (இங்கே, ஒழுங்காக எடுக்காத பத்துப் பேர்) என்ற பழைய விதிப்படி 5 காரணிக்கு மேல் தாங்காது.

அப்புறம், ஒரே நேரத்தில் எடுத்த தகவலில் "தாக்கம்", "காரணம்" என்று தலைப்பு வைக்காதீர்கள். தொடர்பு என்பதோடு நிறுத்துங்கள்.

களப்பணி

வெளியிடுவது பற்றிச் சுருக்கமாக. இத்தகைய ஆய்வுகளை எழுத உதவும் ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலை ஆய்வு முடிந்த பிறகு தேடாதீர்கள், புரொபோசல் எழுதும்போதே பக்கத்தில் வையுங்கள். எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், ஏன் என்று அது கேட்கும். முதல் நாளிலிருந்தே ஓபியில் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணியிருந்தால்தான் பதில் இருக்கும்.

"மூன்று நாளில் ஏற்பு, பணம் கட்டினால் சான்றிதழ்" என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களை ஒதுக்குங்கள். இதழின் பெயர் பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம்) இருக்கிறது என்று அவர்களே சொல்வதை நம்பாமல், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். அந்த நூலகம் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் சேர்க்கப்பட்டதா என்று அங்கே தனியாகக் காட்டும். ஒன்றிரண்டு கட்டுரை பப்மெட்டில் தெரிவது வேறு, இதழே பட்டியலில் இருப்பது வேறு.

ஆசிரியர் வரிசையை முதல் மாதத்திலேயே கைடிடம் பேசி ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச இதழாசிரியர் குழுவின் நான்கு விதிகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும்: வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழுப் பணிக்கும் பொறுப்பேற்றல். துறைத் தலைவர் என்பதற்காகவோ நண்பர் என்பதற்காகவோ பெயர் சேர்ப்பது இதில் வராது. அவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு. உங்கள் புரொபோசல், உங்கள் தரவு, உங்கள் முதல் வரைவு என்றால் முதல் பெயரைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

தாமிரபரணி

திருத்திய தலைப்பு: "ஒரு நகர்ப்புற என்சிடி கிளினிக்கில் உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை பெறுவோரில், 180 நாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் மாத்திரை கைவசம் இருந்தவர்களின் விகிதம்". 162 பேரை அணுகுவேன். காரணிகள் வயது, பாலினம், கிளினிக்குக்கு உள்ள தூரம், மாத்திரைகளின் எண்ணிக்கை, வெளிக் கடையில் வாங்கியது. இது போதுமா? கமிட்டி வேறு என்ன கேட்கும்?

ஒப்புதல் படிவம்

தலைப்பு நன்றாக இருக்கிறது. ஒன்றைச் சேருங்கள், கமிட்டி கட்டாயம் கேட்கும்: பிபி மிக அதிகமாக இருப்பவரைக் கண்டால் என்ன செய்வீர்கள்? "மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம்" என்ற ஒரு வரி போதாது. 180/110 அல்லது அதற்கு மேல் வந்தால் 5 நிமிடம் கழித்து மறுபடி எடுப்பது, அப்படியே இருந்தால் கேள்விகளை நிறுத்திவிட்டு அன்றே அதே கிளினிக் மருத்துவ அலுவலரிடம் நீங்களே கூட்டிச் சென்று காட்டுவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இவற்றில் எது இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. அந்த மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, சம்மதக் கடிதம் வாங்கிக் கோப்பில் இணையுங்கள். மாத்திரை விட்டவர்களைத் தேடித்தான் போகிறீர்கள், ஆகவே இப்படிப்பட்டவர் முதல் வாரத்திலேயே உங்கள் முன் உட்காருவார் என்று எதிர்பார்த்தே போங்கள்.